டிராயரில் கிடக்கும் பேட்ஜ்

அன்பு மகனே,

வெளிநாட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. வழக்கம்போல அம்மாவை எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பூமிக்குக் காற்று ஒரு குடை, அதற்கும் மேலே காந்தம் இன்னொரு குடை, இரண்டும் சேர்ந்து வானத்திலிருந்து கொட்டுகிற கதிரைத் தடுத்துவிடுகின்றன, செவ்வாயில் காற்று மெலிசு, காந்தக் குடையும் கிடையாது, அங்கே போய்த் தங்குகிற மனிதன் நாள் முழுக்க நனைந்துகொண்டே இருப்பான் என்று எழுதியிருந்தாய். "கொடையே இல்லாத ஊருக்கு எதுக்கு போவணும்? வூட்டாண்ட குந்திகினு இருந்தா ஆவாதா?" என்றாள். அந்த மனிதனைக் காப்பாற்ற அலுமினியத் தகடு, தண்ணீர், பாலிதீன் என்று ஒவ்வொன்றாக ஆய்வகத்தில் கதிர் வீசுகிற யந்திரத்தின் முன்னால் வைத்து, எது எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அளக்கிறோம் என்ற இடம் வந்ததும், "பாலிதீனா? மழைக்கு கூரை மேல போடுறோமே, அதுவா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன், கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் நெருக்கி, நீ ஒன்று எழுதியிருந்தாய். "வேலை அவசரமாக இருந்தால் கதிரை அளக்கிற பேட்ஜைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம் நைனா. இல்லாவிட்டால் அளவு ஏறிவிட்டது என்று மூன்று மாதம் வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். இங்கே பாதிப் பேர் செய்கிறதுதான். பயப்படாதே." அதை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை. கடிதம் முடிந்துவிட்டது என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயப்படாதே என்று எழுதிவிட்டாய். பத்து வருடமாக நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன், எதற்கு என்று உனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சில இடங்களில் விளக்கி எழுதுவேன். இதை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். யார், ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் நீ ராயபுரத்துப் பையன்களிடம், "எங்க நைனா இரும்ப போட்டோ புடிக்கிறாரு" என்று பீற்றிக்கொள்வாய். அது பொய்யில்லை. திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த கொதிகலன் பட்டறையில், வெல்டிங் செய்த குழாய்களின் இணைப்புக்குள் ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று படம் பிடித்துப் பார்ப்போம். எங்கள் கேமராவுக்கு லென்ஸ் கிடையாது. ஈயம் வார்த்த கனத்த பெட்டி ஒன்று, அதற்குள் மிளகு அளவுக்கு ஒரு மணி. அந்த மணிதான் கதிரை வீசுவது. தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பியின் நுனியில் இருக்கிற மணி ஒரு குழல் வழியாக ஓடி இணைப்பின் அருகில் போய் நிற்கும். மறுபக்கம் பிலிம் கட்டியிருப்போம். கணக்கான நேரம் விட்டு, கைப்பிடியைத் திருப்பிச் சுற்றி மணியைப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்வோம். பம்பாயிலிருந்து வந்து எங்களுக்குப் பாடம் நடத்திய அதிகாரி மூன்றே மூன்று விஷயம்தான் சொன்னார். தள்ளி நில், சீக்கிரம் முடி, நடுவில் கனமாக எதையாவது வை. நாங்கள் சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்புக் கொடி நட்டு, மணல் மூட்டை அடுக்கி, அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம்.

அதனால் உன் கடிதத்தில் இருப்பது எனக்கு ஒன்றும் புரியாது என்று நினைக்காதே. செவ்வாயில் ஈயம் உதவாது, வானத்துக் கதிர் ஈயத்தில் மோதினால் அதிலிருந்தே புதுக்கதிர் சிதறும், லேசான பொருள்தான் நல்லது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் ஆடிப்போய்விட்டேன். ஆயுசு முழுக்க ஈயத்தை நம்பி அதன் பின்னால் ஒளிந்தவன் நான். தள்ளி நிற்கலாம் என்றால் அங்கே எவ்வளவு தூரம் தள்ளிப் போவது? வானம் முழுக்க மணி. கயிறு எங்கே கட்டுவது, கொடி எங்கே நடுவது? குடிசையை மண்ணுக்குள் புதைத்துத்தான் இருக்கவேண்டும் என்கிறாய். சூரியன் திடீரென்று சீறினால் ஓடி ஒளிய ஒரு பொந்து வேண்டும் என்கிறாய். அந்த மனிதர்களுக்காக இவ்வளவு யோசிக்கிற பிள்ளை, தன் சட்டையில் மாட்டவேண்டியதை டிராயரில் போட்டுவிட்டுப் போகிறான்.

எங்களுக்கும் பேட்ஜ் உண்டு. உள்ளே ஒரு துண்டு பிலிம், அதைச் சட்டையில் குத்திக்கொள்ளவேண்டும். மாதம் ஒருமுறை மொத்தமாகத் தபாலில் பம்பாய்க்குப் போகும். யார் உடம்பு எவ்வளவு வாங்கியது என்று கழுவிப் பார்த்து எழுதி அனுப்புவார்கள். அளவு மீறிப்போனால் உடனே படம் பிடிக்கிற வேலையிலிருந்து எடுத்து, வெல்டிங் பிசிறைச் சுத்தியலால் தட்டுகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் இழுக்கு என்று ஒன்றும் இல்லை. நாங்கள்தான் இழுக்கு என்று நினைத்தோம். துறைமுகத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்த நான் தட்டுத்தடுமாறி அந்த வேலைக்கு வந்தவன். ஃபோர்மேன் என்னை "போட்டோ மாஸ்டர்" என்று கூப்பிடுவார். உன் அம்மா கோயிலில் நாலு பேரிடம் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுவாள். அதை விட்டுச் சுத்தியல் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் வேலை குவிந்தது. அப்படியே போனால் மாதக் கடைசியில் அளவு ஏறும் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் கொட்டகைச் சுவரில் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் பேட்ஜைக் கழற்றி அந்தப் படத்தின் ஆணியில் மாட்டினேன். என்னோடு வேலை பார்த்த ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டுவானே, நீ சித்தப்பா என்று கூப்பிடுவாயே, வியாசர்பாடி ஏழுமலை, அவன்தான். "இன்னாண்ணே, மாதாவுக்கு நகை போடுறியா?" என்று சிரித்தான். "உன்னதையும் குடுடா. அவங்க நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பாத்துப்பாங்க" என்றேன். அவன் கழற்றிக் கொடுத்தான். அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகுமுன் மாதாவுக்கு ஒரு கும்பிடு, ஆணியில் இரண்டு பேட்ஜ். மாதாமாதம் பம்பாயிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்றே பதில் வரும். பக்தியின் பெயரால் செய்துவிட்டதால் அது தப்பு என்றே எனக்கு உறைக்கவில்லை. சொல்லப்போனால், மாதா காப்பாற்றுகிறாள் என்றுகூடச் சில நாள் நிஜமாகவே நம்பினேன்.

மனிதன் சந்திரனில் இறங்கிய வருடம் அது. டீக்கடையில் அதே பேச்சுதான். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு இணைப்பைப் படம் பிடித்து முடித்து, கைப்பிடியைத் திருப்பிச் சுற்றினேன். கம்பி திரும்பி வந்தது. நுனியில் இருந்த மணி கழன்று குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. கதிர் இருந்தால் முள் ஆடிக் காட்டுகிற மீட்டர் ஒன்று உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகவேண்டியவன் நான்தான். பேட்டரி மங்கியிருந்ததால் அதைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஃபோர்மேன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "போடா, அடுத்ததுல கட்டு" என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவன் போய்க் குழலின் நுனியை வலது கையால் பிடித்து அடுத்த இணைப்பில் வைத்துக் கட்டினான். கயிறு வழுக்கியது. அவிழ்த்து மறுபடி கட்டினான். "நெலாவுல போய் மண்ணு வாரிகினு வரானுங்களாம், இங்க ஒரு கயிறு நிக்க மாட்டேங்குது" என்று பேசிக்கொண்டே கட்டினான். நான் தள்ளி நின்று பிலிமில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த இணைப்பையும் எடுத்து முடித்து, இருட்டறையில் கழுவியபோது இரண்டு பிலிமும் தோசைக்கல் மாதிரி கறுத்து வந்தன. ஒரு கோடுகூடத் தெரியவில்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெளியே வந்து ஏழுமலையை டீ வாங்கிவர அனுப்பினேன். அவன் போனதும் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மங்கிய பேட்டரியிலும் முள் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நீளக் கம்பியால் மணியைத் தள்ளிப் பெட்டிக்குள் சேர்த்து மூடினேன். அவன் டீயோடு வந்து, "இன்னாச்சுண்ணே, மூஞ்சி வெளுத்துகினு கீது?" என்றான். "பிலிம்ல வெளிச்சம் பட்டுடுச்சுடா, மறுபடி எடுக்கணும்" என்றேன். அந்த டீயை அவன் கையிலிருந்து வாங்கிக் குடித்தேன். ஃபோர்மேனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேட்ஜ் எங்கே என்று கேட்பார்கள்.

இரண்டு வாரத்துக்குள் அவன் விரல்கள் சிவந்து வீங்கின. அப்புறம் கொப்புளம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஏதோ ஒத்துவரவில்லை. என்ன வேலை, எதைத் தொட்டாய் என்று ஏழுமலையைக் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தவன் சொல்லட்டும் என்று பார்த்தான். "சூடான பைப்பைப் பிடிச்சிட்டான் டாக்டர்" என்றேன். அவர் விடவில்லை. "எக்ஸ்ரே மாதிரி ஏதாவது வேலையா?" என்று என்னிடமே நேராகக் கேட்டார். "அதுவும் உண்டு. ஆனா பேட்ஜ் ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லை" என்றேன். ரிப்போர்ட்டை வாங்கிவரச் சொன்னார். வாங்கிக்கொண்டு போய்க் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லவேளை, அது இல்லை" என்றார். சூட்டுக் காயத்துக்கு உண்டான மருந்தைப் போட்டார்கள். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். புண் ஆறி, மறுபடி திறந்து, மறுபடி அழுகி, எட்டு மாதத்தில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.

நீ அப்போது பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. "சித்தப்பா கை ஏன் நைனா அப்படி ஆச்சு?" என்று கேட்டாய். சூடான பைப் என்றேன். டாக்டரம்மாவிடம் சொன்ன அதே பொய்யை அதே குரலில் சொன்னேன். உன் தங்கை அதற்கடுத்த வருடம் பிறந்தபோது, நர்ஸ் துணி சுற்றுமுன்னால் நான் அவள் கைவிரலையும் கால்விரலையும் எண்ணிப் பார்த்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குத் தலைவலி வந்தாலும் என் உடம்பு வாங்கிய கதிர்தான் வேலையைக் காட்டுகிறது என்று நினைப்பேன். நீ இயற்பியல் படிக்கப்போகிறேன் என்றபோது பெருமையாக இருந்தது. கதிர்வீச்சைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று நீ வந்து சொன்ன அன்றைக்குக் காசிமேடு வரைக்கும் நடந்து போய், வலை காயப்போட்டிருந்த மணலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தடுத்திருக்கலாம். தடுத்தால் ஏன் என்று கேட்பாய். விமானம் ஏற்றி அனுப்பும்போதும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பேர் கிடையாது.

உன் கடிதம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நேராக வியாசர்பாடிக்குப் போனேன். ஏழுமலை இப்போது வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறான். வலது உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் பஞ்சர் ஒட்டுவான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழன்ற மணி, கறுத்த பிலிம், டீ வாங்க அனுப்பியது, ஆஸ்பத்திரி. அவன் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"டாக்டரம்மா கேட்டாங்களே, அப்ப நீ சொல்லியிருந்தா என் வெரலு தங்கியிருக்குமாண்ணே?"

"தெரியாதுடா. வேற மருந்து குடுத்திருப்பாங்க. ஒண்ணாவது தங்கியிருக்கலாம்."

"தெரியாதா. பத்து வருஷமா எவன்கிட்டயும் கேக்கக்கூட இல்லையா நீ?"

அவன் சம்சாரம் உள்ளேயிருந்து டீயோடு வந்தாள். "வாணாம், எடுத்துகினு போ" என்றான். அந்த வீட்டில் டீ குடிக்காமல் நான் திரும்பியதே இல்லை. உன் கடிதத்தில் இருந்த அந்த வரியையும் அவனிடம் சொன்னேன். அதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அவனுமா? அவன்கிட்ட சொன்னியா இத?"

"இல்ல."

"என்கிட்ட வந்து இன்னாத்துக்கு அழுவுற? எனக்கு போனது போயிடுச்சு. அவனுக்கு எழுது. என் பேர போட்டு எழுது. நம்ம பட்டறையில இப்ப வேலை பாக்குறானுங்களே, அவனுங்களும் படிக்கிற மாரி எழுது. எழுதிட்டு இந்தப் பக்கம் வா, அதுக்கு முன்னாடி வராத."

அதனால்தான் இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று பட்டறைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கு. சங்கத்துச் செயலாளர், "பேரு கெட்டுப் பூடும்ணே, யோசிச்சுக்கோ" என்றார். யோசித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் நேற்று மதியம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபமாலையை எடுத்தாள், இன்னும் என்னோடு பேசவில்லை.

பேட்ஜ் உன்னைக் காப்பாற்றாது. அது கவசமில்லை என்று எனக்குத் தெரியும், உனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உனக்கு ஒன்று ஆகி, உன்னால் சொல்ல முடியாமல், பக்கத்தில் இருக்கிறவன் சொல்ல மறுத்தால், உனக்காக ஒரு டாக்டரிடம் உண்மை பேச அது ஒன்றுதான் இருக்கும். நாங்கள் அதன் வாயைக் கட்டினோம். இன்னொன்றும் நினைத்துப்பார். செவ்வாய்க்குப் போகிறவன் உன்னைப் போன்றவர்கள் எழுதிக் கொடுக்கிற எண்ணை நம்பித்தான் போகப்போகிறான். இவ்வளவு தடிமனில் சுவர் வைத்தால் போதும் என்று நீங்கள் சொன்னால் அவ்வளவுதான் வைப்பார்கள். அங்கே அவன் கையைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு டாக்டரம்மா நிற்கமாட்டார். தன் உடம்பு வாங்கியதையே மறைக்கப் பழகினவன், நாளைக்கு அவசரத்தில் நோட்டுப் புத்தகத்தில் ஒரு எண்ணைக் குறைத்து எழுதமாட்டான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன் குணத்தைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டேதான் நான் இதையெல்லாம் செய்தேன்.

மூன்று மாதம் வெளியே உட்காரவைத்தால் உட்கார். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும். ஊருக்குத் திரும்பி வந்தாலும் வா, இந்தத் தெருவில் யாரும் உன்னைக் கேள்வி கேட்காதபடி நான் பார்த்துக்கொள்கிறேன். இப்படியெல்லாம் எழுதினால் நீ கேட்பாய் என்று இருந்துவிட எனக்குத் தைரியமில்லை. எவ்வளவு சொன்னாலும் அவசரம் வரும்போது கை டிராயரைத்தான் திறக்கும், அது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு காரியமும் செய்துவிட்டேன். உன் ஆய்வகத்தின் விலாசம் உன் கடித உறையிலேயே இருக்கிறது. பங்குச் சாமியாரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, உன் மேலதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன். என் மகன் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறான், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்களாம், தயவுசெய்து கவனிக்கவும் என்று அதில் இருக்கிறது. சாமியார் இரண்டு தடவை கேட்டார், நிச்சயமாக அனுப்பவேண்டுமா என்று. நானே தபாலாபீசுக்குப் போய் ஸ்டாம்பு ஒட்டிப் போட்டேன். போட்டு நாலு நாள் ஆகிறது. இது உன் கைக்கு வருமுன்னால் அது அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பெற்ற அப்பனே காட்டிக்கொடுத்தான் என்று உனக்குப் பற்றி எரியும். எரியட்டும். என்னை நைனா என்று கூப்பிடாமல் போனாலும் போ. கோபம் வந்தால் எழுது, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது. டைப் அடித்து அனுப்பாதே. உன் கையாலேயே எழுது.

உன் அப்பா